டெனிஷின் முழங்கால்

கல்யாணம், தேவாலயத்துப் புதுநன்மைச் சடங்கு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஷிபாவைக் கால்பந்து மைதானத்துக்கு இழுத்து வந்தவர் நேசமணி. அந்தக் கடற்கரை ஊரின் திருவிழாப் போட்டிக்கு அவர்தான் செயலாளர். உலகக் கோப்பையில் செய்வதைப்போல ஆஃப்சைடை வீடியோவில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. சக ஆட்டக்காரன் பந்தை அனுப்பும் கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு, கோல் செல்லாது. பந்தலில் பெரிய திரை வைத்தார்கள். ஷிபாவுக்கு ஒரு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும்.

இறுதிப் போட்டியில் உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணியான இனயத்தின் டெனிஷ் பந்தை வலைக்குள் அடித்தான். எல்லைக்கோட்டில் நின்ற கொடிக்காரர் கொடியைத் தூக்கவில்லை. நடுவர் கோல் என்றார். உள்ளூர்க்காரர்கள் "ஆஃப்சைடு!" என்று கத்திக்கொண்டு கயிற்றைத் தாண்டி இறங்கினார்கள். நேசமணி பந்தலுக்குள் ஷிபாவிடம் ஓடி வந்தார்.

"மக்களே, சட்டுன்னு பாத்துச் சொல்லு."

ஷிபா காட்சியைப் பின்னால் ஓட்டி, படம் படமாக நகர்த்தினாள். ஒரு படத்தில், பந்தை அனுப்பியவனின் கால் இன்னும் பந்தைத் தொடவில்லை. டெனிஷ் கடைசித் தடுப்பாட்டக்காரனுக்கு நேராக நின்றான். அடுத்த படத்தில் பந்து காலை விட்டுப் போயிருந்தது. டெனிஷின் முழங்கால் முன்னால் நீண்டிருந்தது. கால் பந்தைத் தொட்ட கணம் இரண்டிலும் இல்லை.

"மாமா, இதுல சொல்ல முடியாது. கேமரா செகண்டுக்கு இருவத்தஞ்சு படந்தான் எடுக்கும். பந்தைத் தொட்டது இந்த ரெண்டுக்கும் இடையில. ரெஃப்ரி சொன்னதே நிக்கட்டும்."

"இந்தப் படத்துல முட்டு முன்ன நிக்குதுல்லா?"

"நிக்குது, ஆனா..."

"பின்ன என்ன ஆனா?"

அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்த இரண்டாவது படத்தை அவரே திரைக்கு அனுப்பினார். மௌஸைப் பிடுங்கி ஒரு சிவப்புக் கோடும் இழுத்தார். கோடு சரிந்திருந்தது. கூட்டம் அதைப் பார்த்து ஆர்ப்பரித்தது. ஷிபா எழுந்து ஓடி நடுவரிடம் சொன்னாள், "சார், அந்தப் படத்த நம்பாதீங்க."

"கோடு தெளிவாட்டு தெரியுதே மேடம்," என்று சொல்லிவிட்டு அவர் கோலை ரத்து செய்தார்.

ஷிபா மேசைக்குத் திரும்பி வந்தபோது நேசமணியின் வியர்வை மௌஸில் பிசுபிசுத்தது. கைக்குட்டையால் துடைத்தாள், அப்போதும் தொடப் பிடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டெனிஷ் பந்தலுக்கு வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"லெவல்லதான் நின்னேன்னு நெனச்சேன் அக்கா. மிஷினுக்கு முன்ன நாம என்ன பேச?"

இரண்டு படங்களையும் அவனுக்குக் காட்டினாள். அவன் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எது சரி?"

"ரெண்டும் இல்ல. யாருக்கும் தெரியாது."

அவன் சிரித்தான். "எனக்க வெசனம் மாறட்டும்னு சொல்லுதிய அக்கா. கோடுதான் போட்டுக் காட்டியாச்சே."

தன் காலைவிட அந்தக் கோணல் கோட்டை நம்பி அவன் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மேடையில் நேசமணி, "விஞ்ஞானம் ஆள் பாத்து நீதி சொல்லாது!" என்று முழங்கி, பொன்னாடை போர்த்த அவளை அழைத்தார். ஷிபா போகவில்லை. வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் பொன்னாடையோடு பந்தலுக்கே வந்துவிட்டார்.

"அடுத்த வருசம் இதவிட நல்ல கேமரா வாங்குவோம் மக்களே. ஒரு மயிரிழை தப்பாது."

"வாங்குங்க மாமா. வேணும்ங்கற படத்த எடுத்துப் போட உங்க கை இருக்குல்லா."

புகழ்ந்தாள் என்றே நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஷிபா மணலில் காறித் துப்பிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.