சவுக்கு மரம் அறுத்த எஞ்சின்

1

இந்தக் கதை எனக்கு உட்கார இடம் கிடைக்காததால் பிறந்தது.

காவடித் திருவிழாவுக்குப் பெண்கள் பாட வேண்டிய பாட்டை ஒத்திகை பார்க்க, பாம்பூ என்ற ஊரில் பார்வதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவள். சோஃபாவில் ஒரு மாதிரி விமானத்தின் இறக்கை நீட்டிப் படுத்திருந்தது. நாற்காலிகளில் இன்னோர் இறக்கை. நின்றபடியே தேநீர் குடித்தேன்.

"மன்னிச்சுக்கோங்க மிஸ். எஞ்சின் மட்டும்தான் பாக்கி, வந்ததும் பறந்துடும்" என்றாள் பார்வதி. பின்னால் நின்ற அவள் கணவன் ரொலான் அப்பாசாமி பலமாகத் தலையாட்டினான்.

அடுத்த ஆண்டு காவடிக்கும் நான் நின்றுகொண்டேதான் குடித்தேன்.

முதலில் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்: "கரும்புத் தோட்டங்களின்மேல் பொன்வெயில் படர்ந்த வேளையில், ஒரு மனிதன் வானத்தை ஏக்கத்துடன்—"

வேண்டாம். ரொலான் வானத்தைப் பார்க்கிற ஆளே இல்லை. அவன் பார்ப்பது பத்திரிகையில் வரும் எஞ்சின் படங்களை. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

2

எண்பதுகளின் கடைசி. எங்கு திரும்பினாலும் பின்னலாடைத் தொழிற்சாலை. ரொலான் அப்படியொன்றில் சாயப் பிரிவு மேற்பார்வையாளன். பார்வதி அதே ஆலையில் மாதிரி உடை தைக்கும் அறையில் வேலை பார்த்தாள். அவள் தைத்ததெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலில் ஐரோப்பா போய்விடும். இந்த இறக்கைகளின்மேல் இழுத்துப் போர்த்தியிருந்த ஆரஞ்சு நிறத் துணி மட்டும்தான் ஊரில் தங்கியது. ஆலை கழித்துப்போட்ட லைனிங் துணி. அவளே வெட்டி, மூட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டு இறுக்கியிருந்தாள்.

ரொலான் முன்பெல்லாம் சின்ன விமானங்கள் செய்வான். மெத்தனாலில் ஓடும் குட்டி எஞ்சின், உள்ளே ஒரு ரேடியோ, தரையில் நின்று அதை இயக்கக் கையில் ரேடியோப் பெட்டி. அவை பறக்கும், விழும், அவன் சிரிப்பான், ஒட்டுவான். இது அப்படியல்ல, கூடத்தின் அகலத்துக்கு இருந்தது. இதற்குக் குட்டி எஞ்சின் போதாது, பெட்ரோல் எஞ்சின் வேண்டும். அவன் வாழ்க்கையில் முதல் பெட்ரோல் எஞ்சின்.

இரண்டு எஞ்சின்கள் போட்டியில் இருந்தன. ஒன்று பத்திரிகையில்: மாதிரி விமானத்துக்கென்றே செய்தது, எடை குறைவு, வழவழவென்றிருந்தது. இன்னொன்று சமையலறை மூலையில், கோணிச் சாக்கில். அதைக் கொண்டுவந்தவன் பார்வதியின் தம்பி ஃபிலிப். கடற்கரை ஓட்டல் ஒன்றில் படகுகளைப் பார்த்துக்கொள்பவன். புயலில் விழுந்த சவுக்கு மரங்களை அறுத்துத் தள்ளிய பெட்ரோல் ரம்பம் ஒன்றை ஓட்டல்காரர்கள் கழித்துவிட, அதன் எஞ்சினைக் கழற்றி எடுத்து வந்துவிட்டான்.

"போஃப்ரேர், இது மரத்தையே அறுத்தது. உன் ப்ளேனைத் தூக்காதா?"

"அறுக்கிறது வேற, தூக்கறது வேற. இது கனம். மூக்கு சாஞ்சு நேரா மண்ணுல குத்தும்."

"அப்ப பத்திரிகையில இருக்கிறதை வாங்கு."

"அதோட தீப்பொறி ரேடியோவைக் குழப்புமாம்."

"இதுக்கும் தீப்பொறி இருக்கே!"

"அதான் சொல்றேன். ரெண்டுமே சரியில்லை."

ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே பேச்சு. பார்வதி பருப்புச் சட்டியோடு இறக்கைக்கு அடியில் குனிந்து போய், நிமிர்ந்து வந்து பரிமாறுவாள்.

3

(அடிக்குறிப்பாகப் போட நினைத்து, இடம் இல்லாததால் இங்கேயே போடுகிறேன். இவர்கள் யாரும் இப்படித் தமிழில் பேசவில்லை. வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். ரொலானுக்குத் தேவாரம் நான்கு தெரியும், அர்த்தம் தெரியாது. 'போஃப்ரேர்' என்றால் மச்சான். அதையும் வேறு சில சொற்களையும் மாற்ற மனம் வரவில்லை. மனைவி கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் மாற்றவில்லை. இங்கே அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.)

ஃபிலிப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ரொம்பச் சத்தம் போடுகிறான், கதையில் எல்லா இடத்தையும் அவனே அடைத்துக்கொள்கிறான். ஒரு வரைவில் அவனைப் பிரான்ஸுக்கு வேலைக்கு அனுப்பிவைத்தேன். போகும்போது எஞ்சினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கதை அப்படியே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் திரும்ப அழைத்துக்கொண்டேன். அவன் இல்லாவிட்டால் அடுத்த பகுதியும் எனக்குக் கிடைத்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

4

ஒரு ஞாயிறு ரொலான் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தான். இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்! அதன் படத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தபோது அடுப்பில் மீன் கருகியது. புகை வெளியே போகட்டும் என்று பார்வதி ஜன்னலைத் திறக்கப் போனாள். விமானத்தின் உடல் குறுக்கே நின்றது. கொக்கி எட்டவில்லை. அவள் இருமிக்கொண்டே திரும்பினாள்.

"ரொலான், ஒண்ணு கேக்கறேன். எஞ்சின் கனம், மூக்கு சாயும்ங்கிற. தீப்பொறி ரேடியோவைக் குழப்பும்ங்கிற. அந்த ரேடியோவையும் பாட்டரியையும் எடுத்து வால் பக்கம் தள்ளி வெச்சா ரெண்டும் தீராதா?"

ஃபிலிப் மெல்லுவதை நிறுத்தினான்.

"தீரும்" என்றான் ரொலான்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல்லேருந்தே தெரியும்."

"ஆயோ! அப்ப நான் ஒரு வருஷமா எதுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்?" என்றான் ஃபிலிப். பார்வதி அவனை வெளியே போகச் சொன்னாள்.

[அவன் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டான். பார்வதி இந்தப் பகுதியை என்னிடம் இரண்டே வரியில் முடித்துவிட்டாள். மீதி ஃபிலிப் தந்தது. பொய் இருந்தால் அவன் பொறுப்பு.]

"சொல்லு. ஏன்?"

ரொலான் பத்திரிகையை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"சின்னது விழுந்தா ஒட்டிடலாம். இதுல நீ தைச்சது இருக்கு."

ஓராண்டாகப் பார்வதி வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். நல்ல வசவுகள், கிரியோலில் சில, பிரெஞ்சில் சில. நாக்கு நுனிவரை வந்துவிட்ட அவற்றை இப்போது எங்கே கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் எரிந்தது. மீன் புகைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த மனுஷன் எஞ்சினைத் தேடவில்லை, பறக்காமல் இருக்க ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் காரணம் அவளாகவே இருந்திருக்கிறாள்.

"விழுந்தா கிழியும். கிழிஞ்சா தைப்பேன். நான் இதை சோஃபாவுக்கு உறையா தைக்கலை, ரொலான்."

அவள் கோணிச் சாக்கை இழுத்து வந்து, ரம்ப எஞ்சினைத் தூக்கி, இரட்டைச் சிலிண்டர் படத்தின்மேல் வைத்தாள். எண்ணெய் காகிதத்தில் ஊறிப் பரவியது.

"ஸா மெம்" என்றாள். இதுதான், முடிந்தது.

(எஞ்சின் விஷயம் தெரிந்த வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வழவழ எஞ்சின்தான் மேல் என்று ரொலானும் சொன்னான். ஆனால் அது பத்திரிகையில் இருந்தது, இது வீட்டில் இருந்தது.)

5

கரும்பு வெட்டி முடிந்த வயலுக்குப் போனார்கள். நானும் போனேன். பாட்டு ஒத்திகையை அன்று நடத்த முடியாது என்று பார்வதி சொல்லிவிட்டாள்.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். ஃபிலிப் தடித்த கையுறை மாட்டி முன்விசிறியைச் சுண்டினான். எஞ்சின் இருமியது. மறுபடி சுண்டினான். அது திருப்பி அவன் கையில் ஓர் அடி போட்டது. அவன் எஞ்சினின் தாயாரைப் பற்றி ஏதோ சொன்னான். (தமிழ்ப்படுத்தவில்லை.) பிறகு அது பிடித்துக்கொண்டது. யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்துச் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரொலான் ரேடியோப் பெட்டியின் குச்சியை முன்னால் தள்ளினான். வண்டித்தடத்தில் விமானம் குதித்துக் குதித்து ஓடியது. ரேடியோவும் பாட்டரியும் வால் பக்கம் போயிருந்ததால் மூக்கு சாயவில்லை. ஒரு குதிப்பில் எழுந்தது திரும்ப இறங்கவே இல்லை. ஆரஞ்சுத் துணி வெயிலில் ஏறி, மலைப் பக்கம் திரும்பி, ரொலான் சொன்னபடி வளைந்து வந்தது.

"கெத் லி!" என்று கத்தினாள் பார்வதி. பாருங்கள் அதை! தலைக்குமேல் அது போனபோது அவள் தைத்த மூட்டு ஒவ்வொன்றும் தெரிந்ததாம். ஒன்றுகூடக் கோணல் இல்லையாம்.

ரொலான் சிரித்தான். விழும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. சிரித்தபடியே பெட்டியை அவள் கையில் திணித்தான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"துஸ்மா, துஸ்மா. மெதுவா. விரலை மட்டும் அசை."

அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கேட்டாள்: "எப்படி இறக்கறது?"

"இவ்வளவு பெரிசை நானும் இறக்கினதில்லை" என்றான் ரொலான்.

6

இங்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எஞ்சின் சத்தம் நின்றிருந்தது. விமானம் தரையில், முழுசாக. மூன்று பேரும் அதைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே என்னிடம் மூன்று முடிவுகள்தான் இருக்கின்றன.

ரொலான் சொல்வது: பார்வதி பூப்போல இறக்கினாள்.

ஃபிலிப் சொல்வது: அவள் பெட்டியை அவனிடம் எறிந்துவிட்டாள். இறக்கியது அவன்தான்.

பார்வதி சொல்வது: பெட்ரோல் தீர்ந்தது. அதுவே இறங்கிக்கொண்டது.

நாலாவதாக ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். "இரண்டு கைகளும் ஒரே பெட்டியில் பதிய, கணவனும் மனைவியும்—" அதைப் பார்வதிக்குக் கிரியோலில் சொல்லிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிழித்துவிட்டேன்.

"அப்ப எதைப் போடப்போறீங்க மிஸ்?"

"எதையும் போடலை. படிக்கிறவங்க தீர்மானிக்கட்டும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

"அவங்கள்ல யாராவது ப்ளேன் இறக்கியிருக்காங்களா?"