நூற்றெட்டு முத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் நாகேஸ்வரன் எழுதிய லட்சுமி படம் இல்லாத பூஜையறை குறைவு. மதராஸில் படித்து வந்து, எண்ணெய்ச் சாயத்தில் தெய்வங்களுக்கு நிழலும் சதையும் கொடுத்தவர் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். எல்லோரும் மெச்சியது படத்தின் நகை வேலையைத்தான். அதை எழுதியவள் அவர் மனைவி விஜயம். அவருக்குச் சாளேசரம் வந்து கிட்டப் பார்வை மங்கியதிலிருந்து முத்து, மூக்குத்தி, ஜரிகை எல்லாம் அவள் கைதான். கீழே கையெழுத்துப் போட மட்டும் அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

அவருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. விரலால் நீவினால் தூரிகை முனை பிரிந்துவிடும். உதட்டில் வைத்து இழுத்தால்தான் ஊசியாக நிற்கும். தெய்வப் படத்தில் எச்சில் படலாமா? அவர் முதுகு திரும்பியதும் விஜயம் வெள்ளைச் சாயத்தோடு தூரிகையை உதட்டில் இழுப்பாள். ஒவ்வொரு முத்துக்கும் ஒரு தடவை.

மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே போயின. தெருவில் நாக தோஷம் என்றார்கள். நாலாவதுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது டாக்டர் ரத்னாபாய் வந்தார். விஜயத்தின் ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"விஜயம்மா, இது ஈயம் ஏறின அடையாளமாக்கும். சாயம் வல்லதும், கொஞ்சமாவது, வாயில படுதா? மறைக்காம சொல்லணும். பிள்ளைக்கு ஆகாது."

வாசலில் நின்ற நாகேஸ்வரன் முந்திக்கொண்டார். "எங்காத்துலே ஸ்வாமி படம் எழுதறோம், டாக்டர். எச்சில் எப்படிப் படும்?"

டாக்டர் அவளையே பார்த்தார். விஜயம் இல்லையென்று தலையாட்டினாள். பாவி, அந்த ஒரு தரம் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா.

அன்றே உதட்டில் வைப்பதை விட்டாள். தூரிகை முனை பிரிந்து முத்துக்கள் ஈஷிப்போயின.

"என்னடி, ஜவ்வரிசி கொட்டினாப்லே இருக்கு? வியாழக்கிழமை மதராஸ் எக்ஸிபிஷனுக்குப் பொட்டி கட்டியாகணும்" என்று அவர் எரிந்து விழுந்தார்.

இந்த ஒரு முத்துமாலைக்கு மட்டும் உதட்டில் இழுக்கிறேன், அப்புறம் கிடையாது என்று வயிற்றைத் தடவிச் சொல்லிக்கொண்டாள். அந்த மாலையில் நூற்றெட்டு முத்து.

வியாழக்கிழமை படம் ரயிலேறியது. பத்தாம் நாள் குழந்தை செத்துப் பிறந்தது. பெண். தலை நிறைய முடி.

மூன்றாம் நாள், பால் கட்டி மார்பு தெறிக்க, பாயில் கிடந்தபடியே விஜயம் எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பார், இல்லை அழுவார் என்று நினைத்தாள். இரண்டில் எதுவானாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாகேஸ்வரன் "எந்தெந்தப் படத்துலே?" என்று கேட்டார்.

"எல்லாத்துலேயும்."

அவர் எழுந்துபோய்ப் பூஜையறை லட்சுமியைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு குளிக்கப் போனார்.