விழுந்த கோல்கீப்பரைத் தாண்டுவது

என் அண்ணன் வில்பிரட்டைப் பற்றி யார் பேசினாலும் அவன் போட்ட கோல்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டை ஒரு உலுக்கு உலுக்கியது அவன் போடாமல் விட்ட ஒரு கோல். அதைக் கேலரியில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். பத்திரிகைக்காரர்கள் கையில் விட்டால் அவனுக்குக் காலில் சுளுக்கு என்று எழுதிவிடுவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா எலியேசர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே மா ட்வே என்ற பர்மியப் பெண்ணை விரும்பி, அவள் வீட்டாரைச் சம்மதிக்க வைத்து, ஞானஸ்நானத்தில் சாராள் என்று பெயர் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். நானும் அண்ணனும் அங்கேதான் பிறந்தோம். அறுபத்து நாலில் இந்தியாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியபோது நாங்களும் ஏறினோம். அதுவரை ரங்கூன் தெருவில் எங்களை இந்தியாக்காரப் பிள்ளைகள் என்றார்கள். இங்கே தாம்பரத்தில் குடியேறிய மறுநாளே பர்மாக்காரப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். நடுவில் கப்பலில் இருந்தபோதுதான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் வாந்தி.

அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. பந்து மட்டும் அவன் சொன்னபடி கேட்டது. பல்லாவரம் பக்கம் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஃபுட்பால் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மெட்ராசில் பந்தாட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொள்ள இதுதான் வழி. காலையில் மெஷின் பக்கத்தில் பெயருக்கு நிற்க வேண்டும், மத்தியானத்திலிருந்து பிராக்டீஸ். டீம் மேனேஜர் தோத்தாத்ரி அவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தார். சீசன் முடிந்ததும் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆகாவிட்டால் ஆட்டமும் போச்சு, வேலையும் போச்சு. அவனுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. எங்களுக்கெல்லாம் அது தெரியும்.

அறுபத்தொன்பது லீக்கின் கடைசி ஆட்டம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம். முடிய ரொம்ப நேரமில்லை, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அண்ணன் அடித்த பந்தைப் பிடிக்க எதிர் டீம் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தார். பந்து அவர் கையில் பட்டு வழுக்கி, அவருக்குப் பின்னால் மெதுவாக உருண்டது. படுத்துக் கிடந்தவரை ஒரு எட்டுத் தாண்டித் தட்டிவிட்டால் கோல். சின்னப் பிள்ளைகூடப் போட்டிருக்கும். என் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? ஓடிவந்தவன் சட்டென்று நின்று, அவர் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போனான். அதற்குள் அவர்களுடைய பேக் ஆட்டக்காரன் ஒருவன் வந்து பந்தை வெளியே அடித்துவிட்டான். அடுத்த மூச்சில் அவர்கள் கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லெஃப்ட் விங் சிட்டிபாபு அவன் சட்டையைப் பிடித்தான். அவன் பழவந்தாங்கல்காரன், வாயைத் திறந்தால் மெட்ராஸ் பாஷைதான். "இன்னா மச்சான், கோயிலாண்ட பிரகாரம் சுத்துறியா?" என்றான். அண்ணன் சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தான். காரணத்தை அவனிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு அது. கீழே படுத்திருக்கும் மனுஷரைத் தாண்டக் கூடாது. பர்மாவில் அது படுத்திருப்பவரின் மேன்மையை மிதிப்பது போல. மன்னிப்புக் கேட்காமல் தீராது. சரி, அம்மா பக்கம்தான் அப்படி என்றால் அப்பா பக்கமும் அதே கதை. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது என்று அத்தைமார் அடிக்க வருவார்கள். சாப்பாடு, சாமி, பாட்டு, உடுப்பு, எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தேசமும் இந்த ஒன்றில் மட்டும் கைகுலுக்கிக்கொண்டன. இரண்டுக்கும் பிறந்த என் அண்ணன் காலில் இரட்டைப் பூட்டு.

தோத்தாத்ரி கெட்டவர் இல்லை. ஆனால் கறார். பயந்தாங்கொள்ளிக்கு நிரந்தரம் கிடையாது என்று சொல்லிவிட்டார். பிறகு, ரங்கூனிலிருந்து ஒரு கிளப் டீம் மெட்ராசுக்கு ஆட வருகிறது, நம் தொழிற்சாலையோடும் ஒரு ஆட்டம் உண்டு, அதில் ஆடிக் காட்டு என்றார். அவர்கள் களத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டு எங்களுக்குச் சொல் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆடுகிறேன், ஒட்டுக்கேட்க மாட்டேன் என்று அண்ணன் சொன்னானாம். வேலை ஊசலாடும்போது இந்த வீம்பு தேவையா என்று எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. உள்ளுக்குள்ளே பெருமையாகவும் இருந்தது.

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரைப் பொட்டலில் தவிட்டு மூட்டையைப் போட்டுத் தாண்டினான். மான் மாதிரித் தாண்டினான். மூட்டையைத் தாண்ட யாருக்குத்தான் வராது? மனுஷர் கிடந்தால் வருகிறதா என்று பார்ப்போம் என்று நானே போய்ப் படுத்தேன். கட்டெறும்பு கடிக்கிறது, முதுகில் கல் குத்துகிறது. அவன் ஓடி வருவான், என் இடுப்புக்கு நேராக வந்ததும் கால் தானாக ஒதுங்கும். திரும்பப் போவான், திரும்ப வருவான். விடியற்காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே கூத்து. முழங்காலில் இரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. "அண்ணா, நான் இதுக்கு மேல வளரப்போறதில்ல, தாண்டித் தொலை" என்று கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தான். மறுபடியும் ஒதுங்கினான்.

அம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டாள். அம்மாவிடம் நாங்கள் இருவரும் பர்மிய மொழிதான் பேசுவோம். அவள் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. பெற்ற பிள்ளைகள் இரண்டும் மிருகமாகிவிட்டன என்பது அதன் சுருக்கம். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, இதுதான் என் பிழைப்பு, இதைச் செய்யாவிட்டால் என்னை இங்கே யாரும் ஆட விடமாட்டார்கள், அதனால் நாளைக்கும் வருவேன் என்றான். குரலை உயர்த்தவில்லை. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா அவன் முழங்காலைப் பார்த்தாள். என்னை எழுந்திருக்கச் சொன்னாள். புடவையைக் கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் கிடந்த இடத்தில் அவளே மல்லாந்து படுத்தாள்.

"என்னைத் தாண்டு. தாண்டிப்போய் உன் வேலையை முடி. முடித்ததும் திரும்பி வந்து மன்னிப்புக் கேள். நம் ஊரில் அதற்கு வழி இல்லாமல் இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் தூரத்துக்குப் போனான், முகத்தைத் துடைத்துக்கொண்டான், ஓடி வந்தான். அம்மா கண்ணை மூடவில்லை. தாண்டினான். பந்தை அடித்தான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கைகூப்பி, "கடோ" என்றான். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் சொல் அது. அம்மா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, இட்லிக்கு அரைக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

ரங்கூன் டீமோடு ஆட்டம் நடந்த அன்று அம்மாவும் வந்தாள். தாம்பரத்தில் ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். அவள் ஊர்க்காரர்கள் வரிசையாக மைதானத்துக்குள் வந்தபோது என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை ஆட்டம் முழுக்க விடவில்லை.

அவர்கள் ஆட்டம் நம் ஆட்டத்தைவிட நேர்த்தி, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் கோல்கீப்பருக்கு வயது கொஞ்சம் கூடுதல், காதோரம் நரைத்திருந்தது. ஒவ்வொரு தடவை அண்ணன் பந்தோடு போகும்போதும் கேலரியில் எவனாவது, பர்மாக்காரன் பர்மாவுக்குத்தான் ஆடுவான் என்று கத்தினான். கத்தியவன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. இரண்டாவது பாதியில் சிட்டிபாபு ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்தான். அண்ணன் தலையால் முட்ட, கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டு அப்படியே விழுந்தார். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. லீக்கில் நடந்தது அப்படியே நடந்தது. அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது.

அவன் ஒதுங்கவில்லை. ஒரே தாண்டு. கோல்.

ஸ்டேடியமே எழுந்து நின்றது. சிட்டிபாபு கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான். அண்ணன் அவனை விலக்கிவிட்டு, விழுந்து கிடந்தவரிடம் திரும்பிப் போய் மண்டியிட்டுக் கைகூப்பினான். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கோல் போட்டதற்கு எதிரியிடம் கும்பிடு போடுகிறானே என்று முதலில் சிரிப்பு, பிறகு ஊளை. அந்தப் பெரியவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, தானும் கைகூப்பி ஏதோ சொன்னார். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

வெளியே வந்தால் தோத்தாத்ரி காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் கலந்திருந்தன. ஆட்டம் பிரமாதம் என்றார், நிரந்தரம் செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றார். ஒரு நிபந்தனை, இந்தக் கும்பிடு நாடகம் இனிமேல் கூடாது, நம் டீம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பர்மாக்காரன் காலில் விழுந்தால் ஜனங்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

"கோல் உங்களுது சார். மன்னிப்பு என்னுது. அது கூடாதுன்னா எனக்கு நிரந்தரம் வேணாம்" என்றான் அண்ணன்.

நழுவிப்போன வேலை கைக்கு வந்த நிமிஷத்தில் மறுபடி தூக்கி எறிகிறான். தோத்தாத்ரி முகம் சிவந்தது. சரி அப்படியானால், என்று ஆரம்பித்தார்.

அம்மா முன்னால் போய் நின்றாள். ஐந்து வருஷமாகக் கடைக்காரனிடம் வெங்காயம் கேட்பதற்கு மேல் தமிழ் பேசாதவள். மரியாதைப் பேச்செல்லாம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"சார், இவன் கோல் போடுவான். கும்பிடவும் செய்வான். ரெண்டையும் சேத்து எடுத்துக்கோ. ஒண்ணு மட்டும் இல்ல."

தோத்தாத்ரியிடம் அவர் பிறந்ததிலிருந்து யாரும் 'எடுத்துக்கோ' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணனைப் பார்த்தார், திரும்ப அம்மாவைப் பார்த்தார்.

எடுத்துக்கொண்டார்.