பன்னிரண்டு அங்குலம்

“இன்னும் ஒரு ஆள் வேணும்” என்றான் தம்பிராஜா, முதுகை நிமிர்த்திக்கொண்டே. “என்ன அண்ணி இது, அண்ணன் உள்ள கல்லு எதுவும் வச்சிருக்காரா?”

மூன்று பேர் பிடித்தும் பெட்டி ஓர் அடிதான் நகர்ந்திருந்தது. சிமெண்டுத் தரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. கூடத்தில் உடலைத் தெற்கே தலை வைத்துக் கிடத்த இடம் வேண்டும். சுவர் மூலையில் இடுப்பு உயரத்துக்கு நின்ற அந்த ஸ்பீக்கர் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

சந்திரமதி படுக்கையறை வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் அவள் கணவர் கருணாகரன் கிடந்தார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. அவருடைய தம்பிதான் இந்தத் தம்பிராஜா. செய்தி கேட்டு மூவாரிலிருந்து டாக்சி பிடித்து வந்து, வந்த நேரத்திலிருந்து ஒரு நிமிஷம் உட்காராமல் எதையாவது தூக்கிக்கொண்டிருந்தான்.

“கல்லு இல்ல தம்பி. மரமே அவ்வளவு கனம். முன்பக்கத் துணியில கைய வைக்காதீங்க. உள்ள இருக்கிறது வெறும் காகிதம், கிழிஞ்சிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான், கிழிந்தால் இனி யாருக்கு நஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது.

“விட்டுத் தொலைங்கடா” என்றாள் பொன்னம்மா. கருணாகரனின் அக்கா, புக்கிட் ரம்பாயிலிருந்து காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டவள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது, ஆனாலும் வீடு அந்தக் குரலுக்குத்தான் அடங்கி நடந்தது. “பெஞ்சை இந்தப் பக்கம் போடுங்க. அது கெடக்கட்டும் மூலையில. ரேடியோப் பைத்தியம். நாப்பத்தாறு வயசுல ஒரு மனுசன் வாங்கி வைக்கிற சாமானா இது?”

பெஞ்சு வந்தது, உடலைக் கிடத்தினார்கள்.

டெலிகாம்ஸ் ஆபீசில் டெக்னீஷியனாக இருந்தவர் கருணாகரன். பகலெல்லாம் ஊரார் பேசுகிற சத்தத்தைக் கம்பி வழியே அனுப்புவது வேலை. ‘அதுல மனுசக் குரல்ல பாதிதான் போகும்’ என்பார். மீதிப் பாதியை வீட்டில் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆம்ப்ளிபயரை அவரே கட்டினார், இசைத்தட்டு சுற்றும் மேசையைப் பழையதாக வாங்கித் திருத்தினார். அடிக்குரலும் மிருதங்கத்தின் இடது பக்கமும் மட்டும் வரவில்லை. சின்ன ஸ்பீக்கரில் அவை வரவும் வராது. பெரிய ஸ்பீக்கர் வேண்டும்.

பன்னிரண்டு அங்குலமா பதினைந்தா என்று தீர்மானிக்க அவருக்கு நான்கு மாதம் பிடித்தது. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த விலைப்பட்டியல் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. கூடத்தை அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருந்தார்.

“பதினஞ்சு வாங்கினா அதுக்கு வேண்டிய பெட்டிக்குள்ள நாம ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணலாம், சந்திரா.”

“பண்ணுங்க. நான் வெளியிலேயே இருக்கேன்.”

“அப்ப பன்னெண்டுதான்.”

அவளைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, பழைய ஸ்பீக்கரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தார். ஒரே இசைத்தட்டு, ஒரே பக்கம், எட்டுத் தடவை. ‘இங்க எப்படி? இங்க?’ அந்த மூலைக்குப் போனபோதுதான் சத்தத்துக்கு உடம்பு வந்தது. ‘கனமா இருக்கு’ என்றாள். அவர் பென்சிலால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. அவளிடம் அபிப்பிராயம் கேட்டு அதன்படி ஒரு காரியம் நடந்தது என்றால், யோசித்துப் பார்த்தால், அது அந்தப் பெருக்கல் குறிதான்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு லோரி வந்தது. முன்னால் இறங்கியவர் சவப்பெட்டிக் கடை முதலாளியான தவுக்கே. ஒல்லியான சீனக் கிழவர், வெள்ளைப் பனியன், காதில் செருகிய பென்சில். இரண்டு ஆட்கள் சவப்பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். தவுக்கே உடலுக்கு முன் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது மூலையில் நின்ற பெட்டி கண்ணில் பட்டது. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்ததுபோல் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் போய் விரல் முட்டியால் தட்டினார். சத்தம் எழவில்லை. அவருக்கு அதில் திருப்தி.

“இது என் கடையில செய்ததாச்சே” என்றார் மலாயில். “நல்ல மரம். ரெண்டு அங்குலக் கனம். பாட்டு நல்லா வந்துச்சா?”

பக்கத்து வீட்டுச் சிவகாமி, வீட்டிலும் மலாய் பேசும் சிட்டி இனத்து அம்மாள், கோப்பித் தட்டோடு வந்தவள், அப்படியே நின்றாள். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் மலாய் தெரியும்.

“என்ன சொல்றான்?” என்றாள் பொன்னம்மா. அவளுக்கும் புரிந்திருந்தது. திரும்ப ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பிராஜா தரையைப் பார்த்தான். “அந்த ஸ்பீக்கர் பெட்டி இவரு கடையில செஞ்சதாம்க்கா.”

“சவப்பெட்டிக் கடையிலயா?”

தவுக்கே தான் சொன்னது தப்பு என்று உணர்ந்து காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டார்.

“அடப்பாவி!” பொன்னம்மா எழுந்துவிட்டாள். தம்பியின் உடலைப் பார்த்து நேராகப் பேசினாள். “சாவுப் பெட்டி செய்யிறவன் கையால பெட்டி செஞ்சு, வெளக்கு ஏத்துற வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சியாடா? வாசல்ல நின்னுக்கிட்டிருந்தத நீயே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தியா? ஒரு வாரம் தாங்குச்சா? சொல்லுடா! ஒரு வாரம் தாங்குச்சா?”

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தம்பிராஜா, கோடாலி எங்க? ஒடைச்சு லோரியில போடு. அவனோட சேர்ந்து எரியட்டும். அவனா தேடிக்கிட்டதுதானே.”

அவனா தேடிக்கிட்டது. சந்திரமதி அந்தச் சொற்களைக் கவனமாகக் கேட்டாள். இன்று கூடத்தில் சொன்னது நாளை புக்கிட் ரம்பாய் போகும், கருமாதிக்குள் மூவார் போகும். பத்து வருஷம் கழித்து ஏதாவது கல்யாணத்தில் அவர் பேச்சு வந்தால், சத்தத்துக்காகப் பாடுபட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதைத்தான் சொல்வார்கள்.

ஜூன் மாதம், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் நாலு தச்சர்கள் ஒட்டுப்பலகையைக் காட்டி அவரைச் சலிக்க வைத்திருந்த நேரம். ‘பலகை தானா பேசக்கூடாது, சந்திரா. ஸ்பீக்கர் மட்டுந்தான் பேசணும்’ என்று புலம்பிக்கொண்டே வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு கடைச் சுவரில் பலகைகள் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன. கை அகலம் கனம் இருக்கும்போல் தெரிந்தது. அது என்ன கடை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்: ‘அந்தப் பலகை பேசாது.’

அவர் நின்றார். ‘உனக்குப் பயமா இல்லையா?’

‘மரந்தானே.’

அவர் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கல்யாணமான புதிதில்கூட அவள் பார்க்காதது. இரண்டு பேரும் சேர்ந்துதான் கடைக்குள் போனார்கள். நீள அகலத்தை அவர் சொல்ல, தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு குட்டையான வாடிக்கைக்காரர் யார் என்று கேட்டார். திரும்பும் வழியில் ‘அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே’ என்றார். மெர்டேக்காவுக்குள் பெட்டி வந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தவுக்கேவுக்கு அந்த மாதம் வேலை அதிகம். அந்தச் சுதந்திர நாளன்று ரேடியோவில் அத்தனை ஆயிரம் பேர் போட்ட கோஷம், பழைய சின்ன ஸ்பீக்கரில் கடுகு பொரிகிற மாதிரிதான் கேட்டது. பெட்டி இந்த வாரம்தான் வந்தது.

இப்போது தவுக்கே அவளைப் பார்த்தார். அவருக்கு நினைவிருந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அவள் சும்மா இருந்தால் போதும். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கணவனை இழந்தவள், வாய் திறக்காமல் இருப்பதுதான் இன்றைக்கு முறை. தம்பிராஜா கோடாலி தேடும் சாக்கில் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

“அக்கா” என்றாள் சந்திரமதி. “அந்தக் கடையச் சொன்னது நான்.”

பொன்னம்மா திரும்பினாள்.

“அவருக்கு அது தோணவே இல்ல. நான்தான் பலகையப் பாத்துட்டுச் சொன்னேன். அவரு பயமா இல்லையான்னுகூட கேட்டாரு. நான்தான் இல்லேன்னேன்.”

“அப்ப நீதான்…”

அந்த வாக்கியம் அங்கேயே நின்றது. பொன்னம்மாவின் உதடு அதன் மிச்சத்தைச் சொல்லத் தயாராக இருந்தது. கூடம் முழுக்க அதற்காகக் காத்திருந்தது. சந்திரமதியும் காத்திருந்தாள். காலையிலிருந்து தனக்குள் தானே சொல்லிக்கொண்டிருந்ததுதான். வேறொருவர் வாயால் வந்தால் ஒருவேளை சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

“நேரமாவுது” என்றான் தம்பிராஜா வாசலிலிருந்து. “தப்பு அடிக்கிறவங்க நாலு மணிக்கு வந்துடுவாங்க. குளிப்பாட்டணும்.”

பொன்னம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் சந்திரமதியின் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய், சீயக்காய், பன்னீர், புது வேட்டி என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். சந்திரமதியை உட்கார வைத்துத் தலை நிறையப் பூ வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“குங்குமச் சிமிழ் எங்க? சாமி மாடத்துல காணோமே.”

சந்திரமதி எழுந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே, திருகாணி முடுக்கிக்குப் பக்கத்தில், திறந்தபடி இருந்தது சிமிழ். பெட்டியின் முதுகில் இரண்டு பித்தளை முனைகள். ஒன்றின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

“அங்க எதுக்குப் போச்சு அது?”

“கம்பிக்கு அடையாளம் வைக்க எடுத்தாரு. எது பிளஸ், எது மைனஸ்னு தெரியணுமாம்.”

நேற்று மாலை டார்ச் லைட் பாட்டரி ஒன்றை முனைகளில் வைத்துத் தொட்டுக் காட்டினார். முன்பக்கத் துணியில் அவள் உள்ளங்கை. ‘காதால கேக்காதே, கையால பாரு. வெளிய தள்ளுதா, உள்ள இழுக்குதா?’ உள்ளங்கையில் ஒரு மெல்லிய உதை. ‘வெளிய.’ ‘அதான் பிளஸ்.’ அவளுடைய சிமிழை எடுத்து, கொஞ்சம் குங்குமத்தைப் பசையில் குழைத்து, தீக்குச்சியால் பொட்டு வைத்தார். அப்போதே பாட்டுப் போட்டுவிட வேண்டியதுதானே என்றாள். சாயங்காலத்தில் தெருவே விளக்குப் போடும், கரண்டு தள்ளாடும், முதல் தடவை கேட்பதைக் காலையில் சுத்தமாகக் கேட்போம் என்றார்.

பொன்னம்மா சிமிழை வாங்கி, உள்ளே பார்த்தாள். தீக்குச்சி நுனி பட்ட குழி அப்படியே இருந்தது. விரலை அந்தக் குழியில் விடாமல் ஓரமாகத் தொட்டு எடுத்து, சந்திரமதியின் நெற்றியில் பெரிதாக வைத்தாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“ஒரு பாட்டாவது கேட்டானா?”

“இல்லக்கா.”

“ஒண்ணுகூடவா?”

“கோப்பி கொண்டா, குடிச்சிட்டுப் போடலாம்னாரு. கொண்டு வந்தேன்.”

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நாற்காலியில் முகவாய் நெஞ்சில் படிய உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிபயரின் வால்வுகள் சூடாகிச் சிவந்திருந்தன. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, ஊசியை இன்னும் இறக்கவில்லை. அவள் கோப்பியைக் கீழே வைத்தாள். முதலில் ஸ்விட்சை அணைத்தாள். பிறகுதான் சிவகாமியைக் கூப்பிட்டுக் கத்தினாள். வால்வு வீணாக எரியக்கூடாது என்பார். அதற்காகவா, வேறு எதற்காகவா, அவளுக்கே தெரியவில்லை.

“பதினாறு நாளைக்கு இந்த வீட்டுல ரேடியோ சத்தம் கேக்கக்கூடாது” என்றாள் பொன்னம்மா. குரலில் பழைய கடுமை இல்லை, முறையைச் சொன்னாள்.

“சரிக்கா.”

கோடாலியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் வாசல்வரைதான். லோரி தெருமுனையில் நின்றது, அதுவரை தோளில். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தப்புக்காரர்கள் நான்கு பேர் வாசல் கேட்டுக்கு அருகே வட்டமாக நின்று, தீயில் காய்ச்சிய தோலை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றாக அடிக்க ஆரம்பித்தார்கள். கூட ஒருவர் பெரிய மேளம் கட்டியிருந்தார். மெர்டேக்காவுக்கு ஒட்டிய காகிதக் கொடி இன்னும் கேட்டில் இருந்தது. யாருடைய தோளோ உரசி அது கிழிந்தது.

உடல் கேட்டைத் தாண்டியதும் வீடு கழுவ வேண்டும். பொன்னம்மா வாளியோடு உள்ளே வந்தாள். சிவகாமி துடைப்பத்தை எடுத்தாள். சந்திரமதி அவர்களுக்கு வழிவிட்டு மூலைக்கு ஒதுங்கியபோது கை பெட்டியில் பட்டது.

முன்பக்கத் துணியில்.

முதலில் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். உள்ளங்கையை விரித்துத் துணியோடு வைத்தாள். வெளியே பெரிய மேளம் விழுந்தது. உள்ளங்கையில் ஒரு தள்ளல், ஓர் இழுப்பு. மறுபடி மேளம். மறுபடி தள்ளல். பெட்டியை நகர்த்தும்போதே கம்பியைக் கழற்றியிருந்தார்கள். கரண்டு இல்லை. ஒவ்வோர் அடிக்கும் பன்னிரண்டு அங்குலக் காகிதம் உள்ளே அசைந்து, அவள் கையில் பட்டு, நின்றது.

“சந்திரா, தண்ணி ஊத்தணும். நகரு.”

அவள் நகரவில்லை. மேளம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. சிவகாமி வீட்டைத் தாண்டியிருக்கும். இப்போது கிணற்றடி. தள்ளல் மெலிந்து, தொடுவது மாதிரி ஆகி, பிறகு தொடுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு வந்தது. பெரிய ரோட்டுத் திருப்பத்தில் காதுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கையில் இல்லை.

கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

பொன்னம்மா வாளியைத் தூக்கிப் பிடித்தபடி அவளையும் அந்தக் கையையும் பார்த்தாள். பிறகு தரையோடு ஒட்டி நின்ற பெட்டியின் அடிப்பலகையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். துணிக்கொடியிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து, தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, மண்டியிட்டுப் பெட்டியைச் சுற்றித் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.