எர்த்து

மார்த்தாள் எவர்சில்வர் டம்ளருக்குள் விரலை விட்டுக் கலக்கினாள். மண் கரையவில்லை. காவாந்தண்டலத்துக் களிமண் லேசில் கரைகிற மண்ணும் இல்லை. கட்டியை நகத்தால் நசுக்கிவிட்டு, புடவைத் தலைப்பை இன்னொரு டம்ளரின் மேல் விரித்து வடிகட்டினாள். சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்த ஷீபாவுக்கு அந்தச் சத்தத்தில்தான் விழிப்புத் தட்டியது.

"இன்னா அத்தை அது?"

"உங்க நைனாவுக்குத்தான். நீ தூங்கு."

தூக்கம் எங்கே இருக்கிறது? ஒரகடம் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. அப்பா பீட்டரைப் புரட்டிப் போடுவதும், துடைப்பதும், துணி அலசுவதுமாகப் போன வாரம் அது. வாதம் அடித்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நேற்றிலிருந்து தொண்டையில் மூச்சு கொரகொரக்கிறது. போகவும் மாட்டேன் என்கிறது, தங்கவும் மாட்டேன் என்கிறது. சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று ஷீபாவுக்கே விடியற்காலையில் ஒருமுறை தோன்றிவிட்டது. தோன்றியதும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"காலைலேர்ந்து அதையேதான் சொல்லிக்கினு கீறான். எர்த்து, எர்த்துன்னு. எனக்கு இன்னா எழவு புரிஞ்சிது? பெஞ்சமின்தான் சொன்னான், எர்த்துன்னா இங்கிலீஷ்ல மண்ணாமே" என்றாள் மார்த்தாள்.

வாசற்படியில் நின்றிருந்த அவள் மகன் பெஞ்சமின், பரீட்சையில் தேறியவன்போலத் தலையாட்டினான்.

உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால் மண்ணாசை என்பார்கள். சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றினால் அடங்கிவிடும் என்பார்கள். கோயில்காரர் வீடு, சர்ச்சுக்காரர் வீடு என்று சாவு பேதம் பார்ப்பதில்லை. மார்த்தாளுக்கும் பாஸ்டர் ஜெபிக்க வருவதற்குள் ஊற்றிவிட வேண்டும் என்பதுதான் கவலை. ஆனால் மண்ணாசைக்கு முதலில் மண் இருக்க வேண்டுமே.

புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஷீபாவின் அம்மா ஞானசுந்தரி அதைத்தான் கேட்டாள். "நமக்கு ஏது அண்ணி மண்ணு? எங்கேர்ந்து எடுத்தாந்தான் பெஞ்சமின்?"

"நம்ம ஊர்ல ஸ்ரீகாந்த் வூட்டு நெலத்துலேர்ந்துதான். எங்கம்மாவும் நைனாவும் நட்டு அறுத்த மண்ணுதானே அது? அவங்க பேருல இல்லன்னா இன்னா, ஒடம்புல ஒட்டாமயா போச்சி?"

ஸ்பூனால் ஊற்றினாள். பீட்டர் உதட்டை இறுக்கிக்கொண்டார். சேற்றுத் தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. ஊரான் நிலத்தில் ஒரு பிடி மண்ணை வாழ்நாளில் கேட்டறியாத மனுஷன், சாகும்போதா கேட்பார்? ஷீபாவுக்கு எரிச்சலாக வந்தது. துண்டை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தாள். அப்போது பீட்டரின் வாய் மறுபடி கோணியது.

"எர்த்து… குடுக்கல."

துண்டு அப்படியே நின்றது. அரைத்தூக்கத்தில் காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சொல்தான். இப்போதுதான் உறைத்தது.

"அய்யோ அத்தை, மண்ணு இல்ல. வண்டி!" என்று எழுந்து ஓடினாள்.

வீட்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்தான் பீட்டரின் பட்டறை. உத்திரமேரூரில் வண்டிக்கு ஒயரிங் என்றால் அவரிடம்தான் வருவார்கள். உள்ளே நின்றது ஸ்ரீகாந்தின் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைக் கழற்றி மாட்டுகிற பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார். எங்கேயோ ஏலத்தில் எடுத்து, மிளகாய்ப்பழச் சிவப்பில் புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தான். முன்னால் இன்ஜின் பக்கத்திலேயே பேட்டரி இருப்பதால் சூட்டில் கொதித்துக் கொதித்துப் போகிறது, பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றவேண்டும் என்றான். கூடவே ஒன்று சொன்னான்: "பீட்டரண்ணே, பெயின்ட்ல மட்டும் கீறல் விழக்கூடாது." அவன் போனபின் பீட்டர் சிரித்தார். "தோலுல படாம ஊசி போடச் சொல்றான்" என்றார்.

டிக்கியில் மரப்பலகை வைத்து, பேட்டரியை உட்கார்த்தி, பட்டை போட்டு இறுக்கியிருந்தார். தடிமனான சிவப்புக் கேபிள் சீட்டுக்கு அடியில் புகுந்து முன்னால் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் வரை போயிருந்தது. மிச்சம் ஒன்றுதான். பேட்டரியின் மற்ற முனையிலிருந்து வருகிற கறுப்பு ஒயரை வண்டியின் உடம்பில் முடுக்க வேண்டும். அதற்குப் பட்டறையில் எர்த்து குடுக்கிறது என்று பெயர். அது இல்லாவிட்டால் எத்தனை பெரிய பேட்டரி இருந்தும் பிரயோசனமில்லை. அந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஸ்பானர் கிடந்தது. அவர் விழுந்த இடமும் அதுதான்.

ஷீபா ஸ்பானரை எடுத்தாள். சின்ன வயதிலிருந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே எர்த்து முடுக்க வேண்டும் என்பதும் தெரியும். உப்புத்தாளைத் தேடினாள். கண்முன்னே மிளகாய்ப்பழச் சிவப்பு மின்னியது. ஸ்ரீகாந்தின் பேச்சு ஞாபகம் வந்தது. உள்ளேயிருந்து அம்மா "ஷீபா! ஷீபா!" என்று கூப்பிட்டாள். பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட்டை முடுக்கினாள். டிக்கி லைட்டு எரிந்தது. போதும் என்று ஓடினாள்.

"நைனா, எர்த்து குடுத்துட்டேன். லைட்டு எரியுது."

பீட்டரின் இடக்கண் மெல்லத் திறந்தது. வெகுநேரம் அவளையே பார்த்தது.

"சொர…ண்டினியா?"

"சொரண்டிட்டேன் நைனா."

கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. மூச்சு இரண்டு முறை பெரிதாக வந்தது. பிறகு வரவில்லை.

"பாத்தியா? ரெண்டு சொட்டுதான் எறங்கிச்சி. போய்ட்டான்" என்று மார்த்தாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். ஷீபா அப்பாவின் இடக்கண்ணை மூடிவிட்டாள்.

மறுநாள் பெட்டியை வைத்து ஜெபம் பண்ண ஷெட்டை விட்டால் இடமில்லை. காரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பெரிய மாலையோடு வந்திருந்த ஸ்ரீகாந்த், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் ஏறினான். சாவியைத் திருப்பினான். 'டக்' என்றது. மறுபடி 'டக்'. அதற்குமேல் ஒன்றுமில்லை. பெயின்ட்டின் மேல் முடுக்கிய எர்த்து லைட்டுக்குப் போதும், இன்ஜினைச் சுழற்றப் போதாது.

"பரவால்ல, தள்ளுங்க. அப்பறமா மெட்ராஸ்ல காட்டிக்கிறேன்" என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான்.

"மாமா கடைசி வேலைய முடிக்காமயே போய்ட்டாரு" என்றான் பெஞ்சமின், தள்ளிக்கொண்டே.

ஷீபா பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. செய்த வேலை பழுதென்று யாரும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை, அதுதான் அந்த மனுஷன் சேர்த்து வைத்த ஒரே சொத்து. அதைத் தான் ஒரு போல்ட்டில் தொலைத்துவிட்டதாக நினைத்து நினைத்து அழுதாள். அப்பாவுக்காக அழுகிறாள் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஷீபாவும் போட்டாள். ஈரமண், கையை விட்டுப் போகாமல் ஒட்டியது.

திரும்பி வந்ததும் மற்றவர்கள் கால் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். ஞானசுந்தரி உள்ளே போய்ச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷீபா ஷெட்டுக்குப் போய் ஸ்பானரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் நின்ற காரின் டிக்கியைத் திறந்தாள்.

போல்ட்டைக் கழற்றினாள். தேய்த்தாள். சிவப்பு போயிற்று. அதற்கடியில் ஒரு சாம்பல் நிறம் இருந்தது, அதுவும் போயிற்று. கை ஓய்ந்தபோது கையை மாற்றிக்கொண்டாள். ஸ்ரீகாந்த் குழாயடியிலிருந்து பார்த்துவிட்டு இரண்டு எட்டு வந்தான். அவள் நிமிரவில்லை. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

ஒரு ரூபாய் காசளவுக்கு இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும், ஒயரை வைத்து மூச்சைப் பிடித்து முடுக்கினாள். நகக்கண்ணில் இன்னும் கல்லறை மண் இருந்தது. சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறக்க, வண்டி விடாமல் கனைத்துக்கொண்டிருந்தது.

ஷெட்டில் எந்த வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஞானசுந்தரி உள்ளேயிருந்தே ஒரு குரல் கொடுப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம். வண்டி பிடித்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இப்போதும் குரல் வந்தது. தூக்கக் கலக்கத்தில் தொண்டை கம்மியிருந்தது.

"முடிஞ்சிதா? டீ வெக்கட்டா?"

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

ஷீபா இன்ஜினை அணைக்கவில்லை.

"வைம்மா" என்றாள்.