சாதிக்காய்த் தூக்கம்

காலை ஆறரைக்குப் பக்கத்து அறையில் பூட்டுப் போடும் சத்தம் கேட்டால்தான் மர்சூக் முதலாளிக்குப் பொழுது விடிந்த மாதிரி. இரத்தோட்டைக்குக் கிட்டிய அந்தச் சின்னக் கடைத்தெருவில் அவர் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரி. அவர் மிளகு காயப்போடும் முற்றத்தை ஒட்டி வேறொருவருக்குச் சொந்தமான மூன்று வாடகை அறைகள். கடைசி அறையில் இருந்த புஷ்பவதி, நாலு வயது மகள் சந்திரகாந்தாவை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு கார்மெண்ட் பேக்டரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும்.

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருஷன் தொண்ணூற்றாறில் ஆமிக்காரர் தமிழரைச் சுற்றிவளைத்த ஒரு ரவுண்டப்பில் பிடிபட்டான். ஒரு வருடமாகியும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கூடத் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் பிள்ளை மடுவம் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போனாள். தோட்டத்தை விட்டு வந்தவளுக்கு மடுவம் ஏது? பூட்டு ஒன்றுதான் மிச்சம்.

முதலாளியும் ஒண்டிக்கட்டைதான். மனைவி மௌத்தாகி ஐந்து வருடம். மகள்மார் இருவரும் புருஷன்மாரோடு ரியாத்தில். பெருநாளைக்குப் பெருநாள் டெலிபோன் கோல் எடுப்பார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் செருமினால் அவருக்கேதான் கேட்கும். அதனால் மூடிய யன்னலுக்குப் பின்னாலிருந்து தட்டைத் தட்டித் தட்டி அந்தக் குட்டி பாடுவது அவருக்கு அப்படியொரு ஆறுதல்.

"மொளகு மாமா, என்னா பண்றீங்க?"

"மொளகு பொரட்டுறன் மகள். நீங்க?"

"கல்யாணச் சோறு ஆக்குறேன். சாப்புட வாறீங்களா?"

"வராம? எனக்கும் ஒரு எடம் வைங்க."

"எப்புடி வருவீங்க? கதவு பூட்டியில்ல இருக்கு!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கிற பேச்சா அது? அன்றைக்கு அவருக்கு அது உறைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பிரதேச சபைக்காரர்கள் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த வருடம் கையிலிருந்த பொதுக்காசில் ஒரு பாலர் பள்ளி தொடங்கி, டீச்சரும் ஆயாவும் வைத்து, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்வதா, இல்லை மழைத்தண்ணீர் ஓடக் கடைத்தெரு வடிகானைக் கட்டுவதா? ஊரார் கை தூக்கிச் சொல்லவேண்டும். மஸூதா டீச்சர் எழும்பி, பாலர் பள்ளிதான் வேண்டும் என்று நாலு வார்த்தை பேசினார். முதலாளிக்கு வாய் சும்மா இருக்குமா?

"எங்கட உம்மா எட்டுப் பேர வளத்தா. எந்த கவர்மெண்டு காசு குடுத்திச்சி? அவங்கவங்க புள்ளய அவங்கவங்கதான் பாக்கோணும். எங்கட முத்தத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டி. தாய் பூட்டிட்டுத்தான் போறா. நாள் முழுக்கப் பாடிட்டு ஈக்கிது. என்ன கொறஞ்சி போச்சு?"

மண்டபம் சிரித்தது. தெருவுக்கு வடிகான் கிடைத்தது.

புஷ்பவதிக்குக் கிடைத்தது வேறு. பூட்டி வைக்கும் கதை ஊர் முழுக்கப் பரவி, தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் மூஞ்சிக்கு நேரே கேட்டார்கள். அறைச் சொந்தக்காரர் வந்து, "உள்ளுக்குப் புள்ள கத்துற சத்தம் இனி வெளியே கேட்டா ரூம விட்டுரு" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் முதலாளியின் கடைக்கு வந்து நின்றாள். "புள்ளைக்கு வயிறு சரியில்லீங்க மொதலாளி. ஒரு சாதிக்கா தாங்க."

"ஒண்டு என்னத்துக்கு? இந்தா, நாலஞ்சா கொண்டு போ." அவருக்கு இளகிய மனசு. அள்ளிக் கொடுத்தார்.

அதிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. காலையில் பூட்டு விழும், அதோடு சரி. முதலாளி சுவரைத் தட்டிப் பார்ப்பார், செருமிப் பார்ப்பார். பதில் இல்லை. குட்டிக்கு என்மேல் என்ன கோபமோ என்று நினைத்தார். பன்னிரண்டு நாள் போயிற்று. மிளகைப் புரட்டப் போனாலும் கை ஓடவில்லை. பாழாய்ப்போன அந்த அமைதியில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது மனசு கேட்காமல் ஒரு பொதி மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தார். யன்னல் பலகையை நெம்பித் திறந்து, "மகள்" என்று கூப்பிட்டார். பாயில் கிடந்த பிள்ளையின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. உலர்ந்த உதட்டால் என்னவோ பிதற்றிக்கொண்டிருந்தாள்.

"யா அல்லாஹ்!"

தராசுப் படிக்கல்லை எடுத்து வந்து பூட்டை உடைத்தார். பிள்ளையைத் தூக்கியபோது அவள் வாயிலிருந்து ஒரு வாசம் வந்தது. நாற்பது வருட வியாபாரிக்கு அந்த வாசம் தெரியாதா? சாதிக்காய். துளி உரைத்துக் கொடுத்தால் பிள்ளை தூங்கும், கூடினால் நஞ்சு. அடுப்பு மூலையில் உரைகல்லும் பக்கத்தில் பாதி தேய்ந்த காயும் கிடந்தன. அது அவர் கொடுத்த காய்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் திரீவீல் பிடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டபோது, "சாதிக்கா. என்ட கடைக் காய்" என்றார். கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை கையைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

பொழுது சாயும் நேரத்தில் புஷ்பவதி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். கட்டிலில் பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தாள். முதலாளிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீயெல்லாம் ஒரு தாயா? பச்சப் புள்ளைக்கு இப்புடி உரைச்சி ஊத்துறதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மொத நாளு கொஞ்சம்தாங்க ஊத்துனேன். மத்தியானமே முழிச்சிருச்சு. அதான் கூட்டிக் கூட்டி ஊத்துனேன். அழுதா ரூம் போயிரும். வேலைக்குப் போகாட்டி சோறு போயிரும். நான் எங்கங்க போவேன்? எம் புள்ள பாடுறத ஊருக்குச் சொன்னீங்களே, சாயங்காலம் நான் கதவத் தொறக்குறப்ப அது எப்புடி இருக்கும்னு தெரியுமா ஒங்களுக்கு? கதவோட ஒட்டி ஒக்காந்திருக்கும். காலையில வச்ச சோறு அப்புடியே இருக்கும். பயத்துலதாங்க பாடுச்சு."

பயத்தில் பாடியதையா அவர் ஆறுதல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்?

"இனி நீ ஒண்டுக்கும் யோசிக்காத. புள்ளயப் பாக்க ஒரு ஆள வைக்கிறன். செலவு எனக்கிட்ட" என்றார் முதலாளி.

"வேணாங்க. எம் புள்ளயக் காப்பாத்துனீங்க, கும்புடுறேன். ஆனா நம்ம தெருவுல பூட்டுன கதவு இன்னும் அஞ்சு இருக்கு. அத்தனைக்கும் நீங்க ஆள் வைப்பீங்களா? எங்களுக்குத் தர்மம் வேணாங்க மொதலாளி. அடுத்த கூட்டத்துல கையத் தூக்குங்க."

அடுத்த கூட்டத்துக்கு எட்டு மாதம் பொறுக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் சந்திரகாந்தாவை, பிரிய மனமில்லாவிட்டாலும், தோட்டத்திலிருந்த தன் அக்காவிடம் விட்டிருந்தாள் புஷ்பவதி. பகலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஈ எறும்புச் சத்தம்கூட இல்லை. முதலாளி தனியே மிளகு புரட்டினார், தனியே சாப்பிட்டார்.

பாலர் பள்ளிப் பேச்சு மறுபடி வந்தபோது மண்டபத்தில் முதல் கை அவருடையது.

"என்ன மர்சூக் நானா, போன முற வேற கத செல்லினீங்களே!" என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

"ஓ, செல்லினன். பொழ செல்லினன்." அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. "என்ட ஊட்டுல சத்தமில்ல. அந்தக் குட்டிட சத்தம் எனக்குத் தேவைப்பட்டிச்சி. அதுக்காக அவ உள்ளுக்குப் பூட்டுப்பட்டுக் கெடந்தது எனக்குப் படல்ல. எங்கட உம்மாவுக்கு மாமி இருந்தா, சாச்சி இருந்தா, அக்கம்பக்கம் இருந்திச்சி. இவங்களுக்கு ஆரு ஈக்கி? நம்மட கடை வாசல்ல தண்ணி நிண்டா ஊர்க்காசுல காணு வெட்டுறோம். அது நம்மட உரிமை எண்டுறோம். ஒரு ஏழைட புள்ள பூட்டின ஊட்டுக்குள்ள கெடந்தா மட்டும் அது தாய்ட தலவிதியா? புள்ள பெறுறது தாய். அந்தப் புள்ள பத்திரமா ஈக்க வழி செய்யிறது ஊரும் கவர்மெண்டும். ஊர்க்காசு மொதல்ல போகோணுமெண்டா அதுக்குத்தான் போகோணும்."

யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் பாலர் பள்ளிக்கு இரண்டாவது கை எழும்பியது.