வேர்களுக்கு நடுவே

அன்று காற்று அடித்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அடித்தது என்று பல்லு இன்றும் போனில் சாதிக்கிறான். என் நினைவில் குட்டையின் நீர் அசையாமல் கிடக்கிறது. எனக்கு வேண்டும் என்பதற்காக நானே அதை அசையாமல் நிறுத்தி வைத்திருக்கிறேனோ என்னவோ.

நாங்கள் மூன்று பேர். பல்லு, பல் டாக்டர். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அண்ணன் எங்கள் இருவருக்கும் சொந்தமில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், வயதில் மூத்தவர், அதனால் அண்ணன். ஞாயிறு காலைகளில் நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் ஆடுவோம். அந்த வருடம் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது கை விழுந்துவிட்டது. பிறகு மெல்ல அசைந்தது. விரல்கள் மடங்கின, ஆனால் அந்த விரல்களை, யாரோ அவரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போனதைப் போலத்தான் பார்ப்பார். மறுபடி கிரேன் ஏற விடலாமா என்று முடிவு செய்யும் மருத்துவப் பரிசோதனை மறுவாரம் இருந்தது. அதைப் பற்றி மூவருமே வாய் திறக்கவில்லை.

கடைசிக் குழிக்கு ஆடும்போது அண்ணனின் பந்து வலப்பக்கம் ஓடி ஒரு மரத்தடியில் மறைந்தது. பல்லு முந்திக்கொண்டு போனான். இரண்டு வேர்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்த பந்தை, குனியாமலே, ஷூ நுனியால் புல்லுக்குத் தள்ளினான். பின்னால் வந்துகொண்டிருந்த நானும் அண்ணனும் அதைப் பார்த்தோம்.

அண்ணன் கிட்டே போய் வேர்களையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பந்து எங்கப்பா கெடந்துச்சு?"

"இங்கதாண்ணே. உங்களுக்கு ராசியான பந்து."

"கைதான் போச்சு, கண்ணு போகல. சந்தேகம்னா இவனைக் கேளு. போன மாசம்தான் டெஸ்ட் பண்ணிக் கண்ணாடி மாட்டிவிட்டான்."

பல்லு தரையைப் பார்த்தான்.

"எத்தனை நாளா நடக்குது?"

"நீங்க திரும்ப ஆட வந்ததுலேருந்துண்ணே. மனசு விட்டுடக் கூடாதேன்னு..."

"நானும் பாக்குறேன், என் பந்து மட்டும் எப்பவும் மெத்தையிலயே விழுதேன்னு. கை பழையபடி ஆயிடுச்சுன்னு உங்க அண்ணிகிட்ட பெருமை வேற அடிச்சு வச்சிருக்கேன்டா."

சிரித்தபடிதான் சொன்னார். அவர் பந்தை எடுத்தார், வேர்களுக்கு நடுவே திரும்ப வைத்தார்.

"அண்ணே, நல்லா இருக்கற கையாலயே அங்கேருந்து அடிக்க முடியாது. பக்கத்துல தட்டி வெளிய எடுத்துடுங்க."

"ஊர்ல எல்லாரையும் வாயைத் தொறக்கச் சொல்றவன், நீ கொஞ்சம் மூடு."

மேலே தாழ்ந்த கிளை. எதிரே குட்டை. குட்டைக்கு அப்பால் மேட்டில் குழியைக் காட்டும் கொடி. அண்ணன் வலது கையால் இடது விரல்களை ஒவ்வொன்றாக மட்டையில் மடித்து வைத்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லுவும், தெரிந்தும் சொல்லாத நானும் அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்த ஒன்றை அவர் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறார் என்று தோன்றியது. பதில் என்னவாக இருந்தாலும் அது அவருடையதாக இருக்கும்.

மட்டை வேரில் இடிக்கும் என்று பல்லைக் கடித்திருந்தேன். இடிக்கவில்லை. சுத்தமான ஒரே சத்தம். பந்து கிளைக்கு அடியில் தாழப் பறந்து, குட்டையைத் தாண்டி, எதிர்க்கரையில் குதித்து, மேடேறி, கொடிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஒன்றரை எட்டுத் தூரம் இருக்கும் என்பான் பல்லு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. அண்ணன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"இது என்னுது" என்றார்.

அடுத்து, கைக்கெட்டும் தூரத்துப் பந்தைக் குழிக்குள் தட்டத் தெரியாமல் தவறவிட்டார். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. என் ஆயுளில் நான் அப்படி ஒரு அடி அடித்ததில்லை, இனி அடிக்கப் போவதுமில்லை. ஆனாலும் கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் அது ஞாபகம் வந்தால், நானே அடித்ததைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பரிசோதனையில், பிடி பாதிதான் திரும்பியிருக்கிறது என்று அண்ணனே டாக்டரிடம் சொல்லிவிட்டார். கிரேன் கிடைக்கவில்லை. இப்போது துறைமுக வாசலில் நின்று லாரிகளுக்கு வழி காட்டுகிறார். பல்லு மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டான். என் கடை ஓடுகிறது. மூன்றாவது ஆளாக அண்ணி ஆட வருகிறார். அண்ணனைவிட நேராக அடிக்கிறார்.